பார்வைத் தாரா

சாச்சா விட்டுச் சென்ற முத்திரை அல்பத்தில் நான்கு தாராக்கள் இருக்கின்றன. நான்கும் மரத்தாராக்கள். 1985 மார்ச் 22ஆம் திகதி அமெரிக்கத் தபால் சேவை, வேர்மன்ட் மாநிலத்து ஷெல்பேர்னில் வெளியிட்ட 22 சத முத்திரைகள். நாட்டார் கலை வரிசையைச் சேர்ந்தவை; வடிவமைத்தவர் ஸ்டீவன் டொஹானோஸ். புறோட்பில், மல்லார்ட், கன்வஸ்பெக், ரெட்ஹெட் என்று பறவையின் பெயர் அச்சாகியிருக்கிறது. செதுக்கியவரின் பெயர் இல்லை. பென் ஹோம்ஸ், பேர்சி கிராண்ட், பொப் மக்கோ, கீஸ் சாட்விக் என்பதை முத்திரைப் பட்டியலில்தான் தேடிப்பிடித்தேன். பாடசாலைப் பிள்ளையின் சித்திரத்தைக்கூட நாம் பெயரில்லாமல் சுவரில் ஒட்டுவதில்லையே!

வேட்டைக்காரன் இவற்றை நீரில் மிதக்கவிட்டு மறைந்திருப்பான். மேலே பறக்கும் கூட்டம், தன் இனம் அச்சமின்றி மேய்கிறது என்று நம்பி இறங்கும். பிறகு துவக்குச் சத்தம். தந்திரம் புதிதல்ல. நெவாடா மாநிலத்து லவ்லொக் குகையில் 1924இல் கோரையால் செய்த தாராக்கள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள்.

நம் மொழியிலும் இதற்குச் சொல் உண்டு: பார்வை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் முற்றத்து விளாமரத்தில் கட்டியிருப்பது பார்வை மான். தன் இனத்தை வலைக்கு அழைக்கப் பழக்கிய உயிருள்ள மான்.

ஏழாம் தரத்தில் இந்த முத்திரைகளைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "கொல்றத்துக்குச் செஞ்ச சாமானை ஏன் சேர் முத்திரையில போட்டிருக்காங்க?"

அமெரிக்காவிலும் உயிருள்ள தாராக்களைக் கட்டிவைத்துக் கூவ விட்டு வேட்டையாடினார்கள், 1935இல் அரசு அதைத் தடைசெய்தது என்றேன். மரத்தாராவுக்குத் துரோகம் தெரியாது; அதற்குக் கால் கட்டும் வலிக்காது. எனக்கு அது பெரிய வித்தியாசமாகவே படுகிறது.

இன்னொன்றும் சொன்னேன். 1934 முதல் அங்கே நீர்ப்பறவை வேட்டைக்குத் தனி முத்திரை உண்டு. தபாலுக்குச் செல்லாது, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வேட்டைக்காரர் வாங்கியே ஆகவேண்டும். ஆரம்ப விலை ஒரு டொலர். அந்தப் பணத்தால் இதுவரை 60 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட வாழிடம் காக்கப்பட்டிருக்கிறது. 1975ஆம் ஆண்டு முத்திரையில் ஜேம்ஸ் ஃபிஷர் வரைந்ததும் வெயிலில் வெளிறிய ஒரு மரக் கன்வஸ்பெக்தான்.

"அப்ப சுடுறது சரியா சேர்?"

மணி அடித்தது. அவள் எழும்பிப் போகாமல், அந்தக் கன்வஸ்பெக்கை இன்னொரு தரம் காட்டச் சொன்னாள்.