நடுமணி

28.11.2023, செவ்வாய்

ராத்திரி மறுபடி பன்றி. சின்னமாமா அஞ்சு மணிக்கே போன் போட்டுவிட்டார். வடக்கு மூலையில் எட்டு வரிசை மக்காச்சோளம் படுத்துக் கிடக்கிறதாம். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வருகிறது. "மருமவனே, நீ வந்து ரெண்டு வேட்டு போட்டாத்தான் அடங்கும்." போடலாம். துப்பாக்கிக்கு மருந்து எங்கே? டப்பாவைத் திறந்தேன். போன வருசத்து மருந்து அடியில் கட்டி கட்டியாக. இந்தக் கடற்காற்றில் எதுவுமே ஒரு வருசம் தாங்காது. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உலர்ந்த மருந்தைத் தேடுகிறேன்.

30.11.2023, வியாழன்

பாளையங்கோட்டை போனேன். பஸ்ஸில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடை அண்ணாச்சி மூன்று தினுசு எடுத்துப் போட்டார். பெருமணி, நடுமணி, பொடி. எது வேண்டும் என்கிறார். அப்பா இருந்தவரை இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அவர் கேட்டு வாங்குவார், நான் பையைத் தூக்குவேன். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினேன். லைசென்சில் ஏற்றினார். பொடிதான் வேகம், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார். எல்லாரும் கேட்கிறார்கள் என்பது எனக்கு ஒரு காரணமாகப் படவில்லை. ஆனாலும் பொடியைத்தான் மேலே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன்.

1.12.2023, வெள்ளி

வெள்ளைத்தாளில் மூன்றையும் தனித்தனியாகப் பரப்பிப் பார்த்தேன். விரலில் தேய்த்தால் கரி ஒட்டக்கூடாது. பொடி ஒட்டுகிறது. பெருமணி மினுங்குகிறது, கையில் உருள்கிறது. நடுமணி சுமார்.

மேஜை டிராயரில் தாத்தாவின் பித்தளைத் தோட்டாக்கூடு 7 இருக்கிறது. அடியில் ஈலி என்று கம்பெனிப் பேர் பொறித்தது. எடுத்து வரிசையாக நிறுத்தினேன். அவருடைய துப்பாக்கி முறுக்குக் குழல். புகையில்லாத மருந்து ஊரெல்லாம் வந்த பிறகும் கருமருந்தைத் தவிர வேறு எதையும் அதில் விடமாட்டார். விட்டால் குழல் வெடித்து இடதுகை போயிருக்கும். அது அவருக்குத் தெரியும். குழல் கேட்கிற மருந்து ஒன்று, ஆள் ஆசைப்படுகிற மருந்து ஒன்று என்பார். கூட்டுக்குள் மூக்கை வைத்தேன். இன்னும் வாசனை இருக்கிறது. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

4.12.2023, திங்கள்

சென்னையில் புயல். வேளச்சேரியில் தண்ணி. அங்கே இருக்கிற பையன் போன் எடுக்கவில்லை. மத்தியானம் வரை ஒன்றும் ஓடவில்லை.

5.12.2023, செவ்வாய்

போன் இல்லை. அவன் அம்மா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

6.12.2023, புதன்

பேசினான். இரண்டாம் மாடி, பத்திரம். பைக் முழுகிவிட்டது. அழுதுவிட்டேன், அவனுக்குக் கேட்டிருக்காது. வைக்கும்போது, "அப்பா, அந்தத் துப்பாக்கிய ஒப்படைச்சிருங்கப்பா, லைசென்ஸ் புதுப்பிக்க அலைய உங்களால முடியாது" என்றான். அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவைதான். முடியும். இதைச் சொல்கிற நேரமா?

9.12.2023, சனி

காட்டில் இருக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அமாவாசைக்கு மூணு நாள், இருட்டு கண்ணைக் குத்துகிறது. பனி. கரிசல் செருப்பை விடமாட்டேன் என்கிறது.

குண்டு, ரவை எதுவும் இல்லை. மருந்தும் மேலே தேங்காய் நாரும் மட்டும். பன்றி ஓடினால் போதும்.

முதலில் பொடி. பளீர். சாட்டை சொடுக்கினது போல. இடது காதில் இன்னும் ஙொய் என்கிறது. பன்றி ஓடியது. அரை மணியில் திரும்பி வந்துவிட்டது.

ரெண்டாவது பெருமணி. சோம்பல். புஸ்ஸென்று பாதி எரிந்து பாதி தீப்பொறியாக வெளியே விழுந்தது. இந்தச் சின்னக் குழலுக்கு அது எரிந்து முடிய நேரமில்லை. சின்னமாமா சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

மூணாவது நடுமணி. தொம்.

அது வேறு சத்தம். காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்கு வந்தது. தரையோடு உருண்டு கண்மாய்க்கரையில் முட்டித் திரும்பி வந்தது. தோளில் அடி இல்லை, ஒரு தள்ளு, அவ்வளவுதான். புகை அப்படியே நின்றது. முட்டை நாற்றம். அப்பா வேட்டு போட்ட ராத்திரிகளில் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கேட்ட சத்தம். விடியும்வரை பன்றி வரவில்லை.

10.12.2023, ஞாயிறு

தூங்கவில்லை. வந்ததும் வெந்நீர் வைத்துக் குழலைக் கழுவினேன். கருமருந்து எரிந்ததில் பாதிக்கு மேல் குழலுக்குள்ளேதான் கசடாகவும் வெளியே புகையாகவும் நிற்கும். அந்தக் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தூத்துக்குடியில் ஒரு ராத்திரி கழுவாமல் போட்டால் காலையில் சிவப்பு. சோம்பலில் எண்ணெய் மட்டும் விட்டால் இன்னும் மோசம், உப்பு எண்ணெய்க்கு அடியில் இருந்துகொண்டு தின்னும். தண்ணீர்தான் மருந்துக்கு மருந்து. மூணு கெட்டில் ஊற்றினேன். முதல் தண்ணி மை மாதிரி. மூணாவது தெளிவு.

தோள் வலிக்கிறது. ராத்திரி வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். வலிக்கிறது.

நேற்று காற்று எந்தப் பக்கம் என்று குறிக்காமல் விட்டேன். நடுமணியின் வேலையா, காற்றின் வேலையா? திரும்பப் பார்க்க வேண்டும்.

12.12.2023, செவ்வாய்

பழைய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். வெளிநாட்டில் மணியின் அளவை எஃப் என்ற எழுத்தை அடுக்கிச் சொல்கிறார்கள். எஃப் கூடக் கூட மணி சின்னது. பட்டாளத்து மார்ட்டினி ஹென்றி ரைபிளின் தோட்டாவில் 85 கிரெயின் கருமருந்து, அதற்குப் பெரிய மணி. பெரிய குண்டை மெதுவாகத் தூக்கி, பிறகு தள்ள வேண்டும். பொடியைப் போட்டால் ஒரே அடியாக அடித்துவிடும். இதைப் படித்ததும் மனம் மறுபடி பெருமணிக்குப் போனது. என் குழல் மார்ட்டினி இல்லை. இதை எனக்கே நான் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வறண்ட காற்றில் கசடு இறுகிவிடும், நாலாவது வேட்டுக்குக் குத்துக்கம்பி இறங்காது. அமெரிக்காவில் ரைபிள்காரர்கள் ஒவ்வொரு வேட்டுக்கும் பிறகு குழலுக்குள் வாயால் ஊதி ஈரம் ஏற்றுகிறார்கள். இங்கே கடல் பக்கமிருந்து கொண்டல் வீசினால் ஊதவே வேண்டாம், கசடு பசை மாதிரி இளகிக் கிடக்கும். மேற்கேயிருந்து கச்சான் வீசுகிற மாசத்தில் கரிசக்காட்டில் கல்லாகும். ஒரே மருந்து வீட்டில் ஒன்று, காட்டில் ஒன்று. கடை அண்ணாச்சியிடம் இதைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

14.12.2023, வியாழன்

பீச் ரோட்டில் நடந்தேன். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. சங்கு குளிக்கிறவர்கள் வள்ளத்தில் எஞ்சின் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சி சொன்ன கதை ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் இலங்கையில் மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரில் முத்துக்குளிப்பு நடந்தால் ராத்திரி ஒரு பீரங்கி வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் அத்தனை வள்ளமும் நிலக்காற்றைப் பிடித்து முத்துச்சிப்பிப் பாருக்குப் புறப்படும். உச்சி தாண்டிக் கடற்காற்றில் திரும்பும். இங்கிருந்தும் ஆள் போயிருக்கிறார்கள். இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961. எனக்கு நாலு வயசு. ஒன்றும் ஞாபகமில்லை. ஞாபகம் இருந்திருக்கலாம்.

அந்தப் பீரங்கிக்கு மருந்து கெட்டித்தவன் ஒருத்தன் இருந்திருப்பான். கரைக்காற்றில் அதை எப்படி உலர வைத்தான்? அவன் பேரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஈர மருந்து அன்றைக்கு வெடிக்காமல் போயிருந்தால் கடற்கரை முழுக்கக் காத்துக்கொண்டு நின்றிருக்கும்.

16.12.2023, சனி

நடுமணி. முடிவு.

வேகம் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எரிய வேண்டும், இந்தக் குழலுக்குள்ளேயே எரிந்து முடிய வேண்டும், கசடு வெந்நீரில் விட வேண்டும். மூணும் நடுமணியில் இருக்கிறது. ராத்திரி டப்பாவைத் திறந்து திரும்ப விரலில் தேய்த்துப் பார்த்தேன். மனசு நிறைந்திருக்கிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை. நாளைக்கு மழை என்கிறார்கள்.

17.12.2023, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் பாட்டுச் சத்தம் மழையில் கேட்கவில்லை. காலையிலிருந்து ஒரே சீராகக் கொட்டுகிறது. கரண்ட் இல்லை. இப்படி மழை நான் பார்த்ததில்லை.

18.12.2023, திங்கள்

மாடியில் இருக்கிறோம். கோரம்பள்ளம் குளம் உடைந்துவிட்டது என்கிறார்கள். விடியக்காலையில் கட்டில் உயரத்துக்குத் தண்ணி. அவள் மாத்திரைப் பையையும் அவள் அம்மா போட்டோவையும் எடுத்தாள். நான் துப்பாக்கியை எடுத்தேன், லைசென்சை எடுத்தேன், இந்த நோட்டை எடுத்தேன்.

மருந்தை எடுக்கவில்லை.

19.12.2023, செவ்வாய்

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டராம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று, ஜனம் உள்ளேயே கிடக்கிறதாம். மேலே ஹெலிகாப்டர். பால் இல்லை. குடிக்கத் தண்ணி 4 பாட்டில். சின்னமாமா போன் போகவில்லை. பையன் போனும் போகவில்லை. ரெண்டு வாரம் முன்னால் அவனுக்காக நாங்கள் இருந்த மாதிரி அவன் இருப்பான்.

டப்பா மூடியைச் சனி ராத்திரி இறுக்கினேனா? இறுக்கினேன். இல்லை.

21.12.2023, வியாழன்

முழங்கால் அளவுக்கு வடிந்திருக்கிறது. சாக்கடை நாற்றம். இறங்கிப் போய்ப் பார்த்தேன். மரப்பெட்டி மிதந்து சமையல்கட்டு வாசலில் நிற்கிறது. டப்பா உள்ளேதான். மூடி சரிந்திருக்கிறது. இறுக்கவில்லை. உள்ளே கருப்புக் கூழ்.

அவளிடம் மருந்து பத்திரம் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்?

22.12.2023, வெள்ளி

காயவைத்தால் என்ன என்று காலையில் ஒரு எண்ணம். கூடாது. நனைந்த மருந்திலிருந்து பொட்டிலுப்பு கரைந்து தனியே போய்விடும். காய்ந்த பிறகு பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், மருந்தாக இருக்காது. ஒரு வேட்டு எரியும், ஒரு வேட்டு நடுக்குழலில் நிற்கும். நின்ற வேட்டு துப்பாக்கியைப் பிடித்திருக்கிறவனைக் கொல்லும். வாளியில் தண்ணி நிறைய எடுத்து மூணு தினுசையும் கொட்டினேன். பெருமணி, நடுமணி, பொடி. கரைந்ததும் ஒரே கருப்பு.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும், வாசன வந்துச்சு" என்றாள்.

23.12.2023, சனி

பையன் போன் கிடைத்தது. என்ன சாப்பிட்டீங்க என்று அம்மாவிடம். என்னிடம், "துப்பாக்கி நனைஞ்சுதாப்பா?" என்றான். நனையலை என்றேன். சரி என்றான். ஒப்படைக்கச் சொல்லவில்லை இன்று.

இடது காது இன்னும் ஙொய் என்கிறது. மழைச் சத்தமோ என்று ரெண்டு தடவை எழுந்து பார்த்தேன்.

25.12.2023, திங்கள்

சேறு வழிக்கிறோம். இடுப்பு போச்சு. தோட்டாக்கூடு 5 கிடைத்தது, 2 இல்லை. புளி போட்டுத் தேய்த்தேன். ஈலி எழுத்து வந்தது. வாசனை போய்விட்டது.

27.12.2023, புதன்

பஸ் கிடைத்து காட்டுக்குப் போனேன். மக்காச்சோளம் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து சேற்றில் அழுகுகிறது. எந்தக் கதிருக்காக மருந்து தேர்ந்தேனோ அது ஒன்றும் இல்லை. சின்னமாமா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், பேசவில்லை. நடுவில் பன்றிக்காலடி. புதுசு. அழுகினதைத் தின்ன வந்திருக்கிறது. விரட்டத் தோன்றவில்லை.

அப்புறம் அவரே சொன்னார், "ஈரம் கெடக்கு மருமவனே. உளுந்து வெதைக்கலாம்."

29.12.2023, வெள்ளி

குழலைத் திறந்து பார்த்தேன். மாடி ஈரத்தில் வாய்க்குக் கீழே ஒரு விரல்கடை சிவப்பு. வெந்நீர், துணி, வெந்நீர். போய்விட்டது. ஒரு புள்ளி மட்டும் நிற்கிறது. அது இனிப் போகாது.

31.12.2023, ஞாயிறு

கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அங்கேயும் தாமிரபரணி தண்ணி வந்திருக்கிறது, கடை மேட்டில் இருப்பதால் தப்பித்தது. எது வேணும் என்றார். நடுமணி, கால் கிலோ என்றேன். பொடிதான் எல்லாரும் என்று ஆரம்பித்தார். நடுமணி என்றேன்.

பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.