மதிப்பெண் கேட்காத ஆடிட்டர் சாருக்கு

மதிப்பிற்குரிய ஆடிட்டர் சார் அவர்களுக்கு,

நேரில் நன்றி சொல்ல வந்தால், "சரிம்மா, அந்த பேங்க் ஸ்டேட்மென்ட் வந்துச்சா?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வருகிற அன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் சாப்பிடாமல், யார் முகத்திலும் விழிக்காமல் கிடக்கிறார்கள். அந்த வீடுகளுக்கும் இந்த மடல் போய்ச் சேர வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஒரு பெரியவர் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்காமல் விட வேண்டும் என்பதை நீங்கள் செய்து காட்டினீர்கள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

விருதுநகரில் மதிப்பெண் என்பது வீட்டுக்குள் அடங்குகிற சங்கதி இல்லை. தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்திலேயே முதலாவதாக வந்த மாவட்டம் இது. வத்தல் கமிஷன் கடையிலும் பருப்பு மில்லிலும்கூட "பாப்பா எவ்வளவு?" என்று விசாரிப்பார்கள். 2010-ல் நான் எழுதியபோது பிளஸ் டூவுக்கு மொத்தம் 1200 மதிப்பெண். மாநிலத்தில் முதலிடம் யார், இரண்டாமிடம் யார் என்று முடிவு வருகிற அன்றே அறிவிப்பார்கள். 2017-ல்தான் அந்த வழக்கத்தை அரசு நிறுத்தியது. உயிரியலும் கணிதமும் எடுத்துப் படித்த எனக்கு 800 கூட வரவில்லை. மருத்துவ கட்-ஆஃப் எட்டாத உயரத்தில் இருந்தது. பணம் கட்டினால் எங்காவது பொறியியல் இடம் கிடைத்திருக்கும். அப்பா பருப்பு மில்லில் கணக்குப்பிள்ளை. அவர் சம்பளத்தில் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது.

அந்த ஜூன் மாதம் மில் கணக்குகளைத் தூக்கிக்கொண்டு அப்பா உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, கூட ஒரு பை சுமக்க நானும் வந்தேன். அதுவரை என்னைப் பார்த்த எல்லாரும் கேட்ட கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. பேரேட்டை என் பக்கம் தள்ளி, "இந்தப் பக்கத்தைக் கூட்டி, சிட்டையோட ஒத்துப்போகுதான்னு பாரும்மா" என்றீர்கள். கூட்டினேன். 90 ரூபாய் இடித்தது. மறுபடி கூட்டியும் அதே 90.

"வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாரு. மிச்சமில்லாம வகுபட்டா, எங்கேயோ ரெண்டு எண் இடம் மாறி ஏறியிருக்கலாம்" என்றீர்கள்.

ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு இறங்கினேன். சிட்டையில் 540 என்று இருந்த கூலிச்செலவு பேரேட்டில் 450 என்று ஏறியிருந்தது. அதைக் காட்டியபோது நீங்கள் என்னைப் பாராட்டவில்லை. அப்பாவிடம் திரும்பி, "இந்தப் பிள்ளையை சி.ஏ. படிக்க வைங்க" என்றீர்கள். அப்பா தயங்கித் தயங்கி என் மதிப்பெண்ணைச் சொன்னார். "பாஸ்தானே? போதும்" என்றீர்கள்.

அதை நீங்கள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. விதியே அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு சி.ஏ.வுக்கு நுழைவாயில் சி.பி.டி. தேர்வு. கணக்குப்பதிவியல், வணிகச் சட்டம், பொருளியல், கணிதத் திறன் என்று நாலு பிரிவு, மொத்தம் 200 மதிப்பெண். அதில் 100 எடுக்க வேண்டும். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். பிளஸ் டூ தேறியிருந்தால் போதும், எவ்வளவு எடுத்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளியில் வணிகவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தபால் வழியாக பி.காம். சேர்ந்துகொள்ளலாம் என்ற யோசனையும் உங்களுடையதுதான். உங்களிடம் முன்பு பயிற்சி முடித்துப் போன அண்ணன் ஒருவருடைய பாடப்புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தீர்கள். ஆறுதல் சொன்னவர்கள் பலர் இருந்தார்கள். வழியைச் சொல்லி, அதற்குப் புத்தகமும் கையில் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இது சுலபமான வழி என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "இதுல சேர்றது லேசு, முடிக்கிறதுதான் பாடு" என்று முதல் நாளே அப்பா முன்னால் சொன்னீர்கள். தாள்களைக் குரூப் குரூப்பாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு தாளிலும் 40 எடுக்க வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 விழுக்காடும் வர வேண்டும். ஒரே ஒரு தாளில் 39 வாங்கினாலும் குரூப் போய்விடும். சி.பி.டி. தேறி, அடுத்த கட்டமான ஐ.பி.சி.சி. எழுதியபோது அந்த விதியின் மறுபக்கத்தைப் பார்த்தேன். முதல் குரூப்பில் எல்லாத் தாளிலும் 40-ஐத் தாண்டியும் மொத்தத்தில் தவறிவிட்டேன். பிளஸ் டூ முடிவு வந்த அன்றைய பயம் அப்படியே திரும்பி வந்தது. படிப்பு எனக்கு வராது என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

நீங்கள் அதற்கும் ஒரு வேலை வைத்திருந்தீர்கள். தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னீர்கள். வந்ததும் மேசையில் விரித்து, வாடிக்கையாளர் கணக்கைத் தணிக்கை செய்கிற மாதிரி கையில் பென்சிலோடு உட்கார்ந்தோம். எனக்குப் பாடம் தெரியாமல் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. விடை சரியாக இருந்த கணக்கில், அது வந்த வழியைக் காட்டும் வொர்க்கிங் நோட் எழுதவில்லை. சட்டத்தாளில் முடிவை மட்டும் சொல்லியிருந்தேன், காரணம் சொல்லவில்லை. நேரம் போதாமல் கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை. "சட்டம் என்ன சொல்லுது, இங்க நடந்தது என்ன, அதனால முடிவு என்ன. இந்த வரிசையில மூணு பத்தி எழுது" என்று சொல்லித்தந்தீர்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகத்தைத் திறந்து, மூன்று மணி நேரம் கடிகாரத்தை வைத்து எழுதச் சொல்லித் திருத்தித் தந்தீர்கள். "மேலும் முயற்சி செய்" என்ற வார்த்தையை உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு மதிப்பெண் போயிற்று என்று காட்டினீர்கள். அதைப் பார்த்த பிறகு முயற்சி தானாக வந்தது. அந்தக் குரூப் தேறியதும் உங்களிடமே ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற தொழில் பயிற்சியில் சேர்ந்தேன்.

பயிற்சிக் காலத்தில் நீங்கள் கற்றுத்தந்ததை எல்லாம் எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஒரு மார்ச் 31 சாயங்காலம், துவரம்பருப்பு மில்லில் ஸ்டாக் எடுக்கப் போயிருந்தோம். மூட்டைகளை ஆளுயரத்துக்கு மேல் அட்டி போட்டிருந்தார்கள். நான் தரையில் நின்றபடி நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை என்று எண்ணிப் பெருக்கி எழுதிவிட்டேன். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அட்டிமேல் ஏறினீர்கள். அறுபதை நெருங்கிய வயது உங்களுக்கு. வெளிவரிசை நிறைந்திருக்கும், நடுவில் மூட்டையே இல்லாமல் குழியாக விட்டிருப்பார்கள், வெளியே நின்று பெருக்கினால் இல்லாத சரக்கு இருப்பாகிவிடும் என்று மேலே நின்றபடி விளக்கினீர்கள். பிறகு இரண்டு மூட்டையைப் பிரிக்கச் சொல்லிப் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தீர்கள், எடையும் போடச் சொன்னீர்கள். அன்றைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. கீழே இறங்கி, முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே, "இப்பதான் சரியா இருக்குன்னு எழுதலாம்" என்றீர்கள்.

சார், என்னையும் நீங்கள் அப்படித்தான் பார்த்தீர்கள். வெளியே நின்று என் மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு முடிவை எழுதிவிட்டு நீங்கள் நகரவில்லை. என் கையில் ஒரு பேரேட்டைக் கொடுத்து, நான் தேடுகிற விதத்தைப் பார்த்து, அதற்குப் பிறகு சொன்னீர்கள். 90 ரூபாய் வித்தியாசத்தை விடாமல் துரத்துகிற பிள்ளை என்று எந்த மதிப்பெண் பட்டியலிலும் எழுதியிருக்காது. பள்ளித்தேர்வு தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒன்றை அளக்கிறது. அது அளக்காததை அளக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் தன் வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்கு நீங்கள் உட்கார்ந்தீர்கள்.

ஏப்ரல் மாதம் வங்கிக் கிளைத் தணிக்கைக்கு வெளியூர் போக வேண்டி வந்தபோது, பெண் பிள்ளையை அனுப்பலாமா என்று உறவில் பேச்சு எழுந்தது. நீங்கள் அப்பாவைக் கூப்பிட்டு ஆர். சிவபோகத்தின் கதையைச் சொன்னீர்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், 1933-ல் ஜி.டி.ஏ. என்ற அரசுக் கணக்கியல் டிப்ளமா தேர்வில் தேறி இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளர் ஆனவர், நம் சென்னைக்காரர். "அந்தக் காலத்திலேயே ஒரு அம்மா இதைச் செஞ்சிருக்காங்க" என்று சொன்னீர்கள். அதோடு நிற்காமல், நான் தங்குகிற இடம், கூட வருகிற அக்கா யார், திரும்புகிற பஸ் எது என்று எல்லாவற்றையும் அப்பாவிடம் எழுதிக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அப்பா தடுக்கவில்லை.

இன்னும் சில விஷயங்களை நீங்கள் பெரிதாக நினைத்திருக்க மாட்டீர்கள். உதவித்தொகையை மாதம் பிறந்ததும் கொடுத்துவிடுவீர்கள். சின்னத் தொகைதான், ஆனால் அதில்தான் நான் தேர்வுக் கட்டணம் கட்டினேன். ஃபைனல் தேர்வுக்கு முன்னால் படிப்பு விடுப்பு கேட்டுக் கெஞ்ச வேண்டிய நிலை எனக்கு வந்ததே இல்லை. வரித்தாக்கல் நெருக்கடியிலும், "நீ போய்ப் படி, நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பினீர்கள். விடுப்புக் கிடைக்காமலே தேர்வு எழுதிய தோழிகள் எனக்கு இருந்தார்கள். உங்கள் பேனாவில் ஒரு கையெழுத்து எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதைப் படிக்கிற அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லையா? முதலில் சாப்பிட வையுங்கள். பிறகு ஒரு வாரம் கழித்து, எந்த வேலையில் பிள்ளைக்கு நேரம் போவது தெரியவில்லை என்று கவனியுங்கள். வழிகள் இருக்கின்றன. ஏதாவது பாடம் போயிருந்தால் துணைத்தேர்வு அதே ஆண்டில் வருகிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சி.ஏ.வுக்கு இப்போது சி.பி.டி. இல்லை, ஃபவுண்டேஷன் தேர்வு. நாலு தாள், அதே 40-50 கணக்கு. 2024 முதல் ஃபவுண்டேஷனும் அடுத்த கட்டமான இன்டரும் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கின்றன. ஆர்ட்டிகிள்ஷிப்பும் இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது. பிளஸ் டூவில் எடுத்த மதிப்பெண்ணை இன்றும் அங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் இது உழைப்பைக் கேட்கிற படிப்பு, தவறினால் எழுந்து மறுபடி எழுத வேண்டியிருக்கும். அந்த ஆண்டுகளில் வீடு பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். என் வீடு நின்றது.

தொழிலில் இருக்கிற என் சக ஆடிட்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்ட்டிகிள் சேர்க்கும்போது பத்தாவதில் எவ்வளவு, பிளஸ் டூவில் எவ்வளவு என்று வடிகட்டாதீர்கள். ஒரு பேரேட்டைக் கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

சார், சி.ஏ. முடித்துச் சொந்தமாக அலுவலகம் தொடங்கியபோது உங்களிடம் ஆசி வாங்க வந்தேன். அப்போது சொல்ல நா எழாததை இங்கே சொல்லிவிடுகிறேன். என் அலுவலக விண்ணப்பத்தில் பள்ளி மதிப்பெண்ணுக்கு இடம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஓர் இடத்தை, மதிப்பெண் குறைந்து வேறெங்கும் எடுத்துக்கொள்ளாத பிள்ளைக்கென்று ஒதுக்குகிறேன். இப்போது என்னிடம் இருக்கிற தம்பியைத் தேர்வுக்கு முன் விடுப்பில் அனுப்பியிருக்கிறேன், அவன் வேலையை நானே பார்க்கிறேன். போன மாதம் ஒரு மில்லில் ஸ்டாக் எடுத்தபோது அட்டிமேல் முதலில் ஏறியவள் நான்தான். உங்களுக்கு நான் பட்ட கடனைத் திருப்பித் தர வழியில்லை. அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பேன் என்று மட்டும் வாக்குத் தருகிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


உங்களிடம் தொழில் படித்த மாணவி