குரல் இருக்கும்போதே…

பாடத்திட்டம், கட்டுரைப் பயிற்சி என்றே எழுதிவரும் நான், இன்று ஒரு பாடகியைப் பற்றி எழுதுகிறேன். பெற்றோரும் சக ஆசிரியரும் பொறுத்தருள்க. சுற்றி வளைத்து வகுப்பறைக்கே வந்து சேர்வேன்.

2017 அக்டோபர் 28ஆம் நாள் மைசூரில் எஸ். ஜானகி தம் இறுதி மேடைக் கச்சேரியைப் பாடினார். அப்போது அவருக்கு அகவை 79. முந்தைய ஆண்டே, '10 கல்பனகள்' என்ற மலையாளப் படத்திற்காக ஒரு தாலாட்டைப் பாடிவிட்டு ஓய்வை அறிவித்திருந்தார். 1957இல் தொடங்கிய பயணம் அது.

செய்தி வந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே புலம்பல். கோலாலம்பூரில் ஒரு கச்சேரி வைத்துவிட்டு நிறுத்தியிருக்கலாம் என்றார் ஒருவர். நானும் புலம்பினேன்; மறைப்பதற்கில்லை.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். லயத்தில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பு காதில் விழும். ஒரு வீட்டில் தொடங்கிய பாட்டைக் குழாயடி வரை விடாமல் கேட்டுக்கொண்டே நடக்கலாம். '16 வயதினிலே' வெளிவந்த 1977இல் எனக்குப் பதினொரு வயது. அப்படப் பாடலுக்குத்தான் ஜானகி முதல் தேசிய விருதைப் பெற்றார் என்பதெல்லாம் பின்னாளில் அறிந்தது. அன்று அறிந்தது ஒன்றே: அந்தக் குரல் வந்தால் அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார்.

ஆந்திரத்துக் குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தவர் ஜானகி. தமிழ் அவர் தாய்மொழி அன்று. ஆயினும் 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரத்துக்கு ஈடுகொடுத்துப் பாடிய அந்தக் குரலில் ஒரு சொல்லேனும் மங்கிக் கேட்டதுண்டா? வீட்டிலே தமிழ் பேசிக்கொண்டே 'பலம்' தின்னும் நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். (இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

அன்று மாலை அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். வருந்துவார் என்று நினைத்தேன்.

"நல்லதுதானே செஞ்சிருக்கு அந்தம்மா" என்றார். "கொரலு கெட்டப்புறம் கேக்கச் சொல்லியா கூப்பிடும்?"

அம்மா இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். பட்டைக்கு அடியில் உயிர்த்தோல் இருக்கிறது. கத்தி அதைத் தொடாமல் சீவ வேண்டும். தொட்டால் மரத்தில் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. 1993 வாக்கில் அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. ஒரே வாரத்தில் மூன்று மரங்களில் காயம். மண்டோர் இன்னும் கவனிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அம்மா கத்தியைத் துடைத்து அடுப்புக்கு மேலே செருகினார். சம்பளம் போயிற்று. வீட்டில் அதற்காகச் சண்டையும் நடந்தது. சில ஆண்டுகளில் அந்த மரங்களையே சாய்த்துச் செம்பனை நட்டார்கள் என்பது வேறு கதை.

நிறுத்தாமல் போனவர்களும் உண்டு. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 2020இல் மறையும்வரை பாடகராகவே இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மேல்நாட்டு எல்டன் ஜான் விடைபெறவே 2018 முதல் 2023 வரை எடுத்துக்கொண்டார், முந்நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள்! ஆனால் இரசிகர்களாகிய நாம் 'இன்னும் ஒரு முறை' என்று கேட்கும்போது பாடுபவரின் தொண்டையை நினைக்கிறோமா? நான் நினைத்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பதினொரு வயதும் குழாயடியும்.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். கட்டாய ஓய்வுக்கு எனக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தை உரக்கச் சொல்லிக் கொடுத்த தொண்டை, சென்ற ஆண்டிலிருந்து கரகரக்கிறது. சுடுநீர், அதிமதுரம், மருத்துவர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு காலை "ழ" என்று சொல்லிவிட்டுச் செருமினேன். இருபத்திரண்டு பிள்ளைகளும் "ழ" என்று சொல்லிவிட்டுச் செருமினார்கள். சிரித்துவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடம் பேசினேன். உரக்க வாசிக்கும் பாடவேளைகளை இப்போது புதிதாக வந்த இளம் ஆசிரியை எடுக்கிறார். நான் பின்வரிசையில் அமர்ந்து பயிற்றேடுகளைத் திருத்துகிறேன். அவர் குரல் தெளிவானது. "ள" மட்டும் சிற்சில வேளை வழுக்குகிறது; இடைவேளையில் மெல்லச் சொல்கிறேன். பிள்ளைகள் என் பக்கம் திரும்பிப் பார்ப்பது குறைந்துவிட்டது.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகும்போது சொல்ல வேண்டும்.