பதினோராம் வரி

சென்னையிலிருந்து புறப்பட்ட விமானம் காலை 10.40க்குப் புவனேஸ்வரில் இறங்கியது. கருத்தரங்கு நடக்கவிருந்த வடக்கத்தி ஊருக்கு அடுத்த விமானம் மாலை 4.20க்கு. இந்த இடைவெளிக்காகவே அந்தப் பயணச்சீட்டைத் தேர்ந்தெடுத்ததாக அவள் பின்னாளில் சொல்லிக்கொள்ளக்கூடும். உண்மையில் நேரடி விமானத்துக்கு அவளுடைய ஆய்வு உதவித்தொகை இடங்கொடுக்கவில்லை. அந்த உதவித்தொகைக்கும் இன்னும் நான்கு மாதமே ஆயுள்.

பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். தோளில் மடிக்கணினிப் பை மட்டும். வெளியே போனால் மறுபடி நுழைவாயில், மறுபடி பாதுகாப்புச் சோதனை. ஆகவே மூன்று மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இடைநிற்கும் பயணி போடவேண்டிய கணக்கு அவ்வளவுதான், அதையும் பின்னாலிருந்து முன்னாகப் போடவேண்டும். புவனேஸ்வரில் விமான நிலையம் நகருக்குள்ளேயே இருப்பது பெரிய வசதி. உதயகிரிக் குன்று ஆட்டோவில் அரைமணிக்கும் குறைவான தூரம்.

அங்குள்ள ஹாத்திகும்பா என்னும் யானைக்குகையின் நெற்றியில்தான் கலிங்க மன்னன் காரவேலனின் கல்வெட்டு இருக்கிறது: பிராமி எழுத்து, பிராகிருத மொழி, 17 வரிகள். தமிழ்நாட்டில் அதன் பதினோராம் வரிக்குத் தனிப் புகழ். தமிழ் நாட்டுக் கூட்டணியைக் காரவேலன் உடைத்ததாக அங்கே படிக்கப்படுகிறது. அந்தக் கூட்டணி எத்தனை ஆண்டு நிலைத்திருந்தது என்பதுதான் சிக்கல். பதிப்புகளில் காணும் தொடர் 'தேரஸ-வஸ-ஸத'. தேரஸ பதின்மூன்று, வஸ ஆண்டு, ஸத நூறு. கூட்டினால் 113, பெருக்கினால் 1300.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. சிற்றெண் முன்னே வந்தால் முந்நூறு, பின்னே வந்தால் நூற்றுமூன்று. எண் நிற்கும் இடமே கணக்கைச் சொல்லிவிடும். சமஸ்கிருதத்தில் 'த்விசத' என்னும் தொகை 102 என்றும் பொருள்படும், 200 என்றும் பொருள்படும். இதே கல்வெட்டின் ஆறாம் வரியில், நந்த மன்னன் வெட்டிய கால்வாயைப் பற்றிப் பேசுமிடத்தில், 'தி-வஸ-ஸத' என்று வருகிறது. அங்கே 300 என்று பெருக்கும் அறிஞர் பலர் பதினோராம் வரிக்கு வந்ததும் 113 என்று கூட்டுகிறார்கள். காரணம் இலக்கணமன்று, வரலாறு. நந்தருக்கு 103 ஆண்டு கழித்து என்றால் காரவேலன் மௌரியர் காலத்துக்குள் போய்விடுவான். 1300 என்றால் கூட்டணி நம்பமுடியாத பழமைக்குப் போய்விடும். ஒரே கல்வெட்டில், ஒரே தொகையமைப்புக்கு எப்படி இரண்டு கணக்கு? இதுதான் அவளுடைய கட்டுரை. இருபத்திரண்டு பக்கம். கல்லை மட்டும் இதுவரை பார்த்ததில்லை. படவில்லைக்கு ஒரு நல்ல புகைப்படம் கிடைத்தால் போதும் என்றுதான் ஏறினாள்.

உச்சிவெயில். கல்வெட்டின் ஒரு பகுதி முகப்பிலும் ஒரு பகுதி வளைந்து குகையின் கூரைப்பக்கமாகவும் ஓடுவதால் அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். மேலிருந்த முதல் சில வரிகள் பிடிபட்டன. அருகரையும் சித்தரையும் வணங்கும் தொடக்கத்தில் 'ந'வும் 'ம'வும் பழைய நண்பர்களைப்போல அடையாளம் தெரிந்தன. கீழே வரவரக் கல் கரைந்திருந்தது. சாய்வெளிச்சம் இல்லாமல் பள்ளம் எது, எழுத்து எது என்று பிரித்தறிய முடியவில்லை. கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள்; ஒவ்வொரு கோணத்துக்கும் ஒவ்வோர் எழுத்து தோன்றி மறைந்தது.

பூரிக்குப் போகும் வழியில் வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் பக்கத்தில் நின்றது. பெரியவர் பேரனிடம், "ஆயிரத்து முந்நூறு வருஷம்டா, இங்கதான் எழுதியிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் குறிப்பேட்டைக் கவனித்துவிட்டுக் கேட்டார்: "படிக்கிற பொண்ணு மாதிரி இருக்கியேம்மா, அந்த வரி எதும்மா?"

அவள் மேலிருந்து எண்ணினாள். எட்டு வரை தடுமாற்றமில்லை. பிறகு ஒரு வரி இரண்டானது. மறுபடி எண்ணினாள்.

"சரியாத் தெரியலைங்க ஐயா."

"பரவால்லம்மா," என்று அவர் பொதுவாகக் கல்லைப் பார்த்துக் கும்பிட்டார். பேரன் படமெடுத்துக்கொண்டான்.

படிக்கட்டில் உட்கார்ந்து நெறியாளரை அழைத்தாள்.

"சார், பதினோராவது வரியைக் கண்ணால படிக்க முடியல."

"யாராலம்மா முடிஞ்சுது? மைப்படி இருக்கே, அதை வச்சுத்தானே எல்லாரும் எழுதுறாங்க. இப்போ போய் ஸ்லைடைத் தொடாதே."

"சரிங்க சார்."

அவர் சொன்னது தவறில்லை. கல்லை ஒருமுறை அண்ணாந்து பார்த்தவரைவிட, மைப்படியை மாதக்கணக்கில் மேசையில் விரித்து வைத்திருந்தவர் அதிகம் கண்டிருப்பார். ஆனால் ஜெயஸ்வாலும் பானர்ஜியும் படித்ததற்கும் பின்னர் டி. சி. சர்க்கார் படித்ததற்கும் இடையே, தமிழைக் குறிக்கும் சொல்லை ஒட்டிய எழுத்துகளிலேயே வேறுபாடு உண்டு. அதை அவள் ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கி வைத்திருந்தாள். அடிக்குறிப்பில் அது சிறியதாகத் தெரிந்தது.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் நிறுத்திய கடையில் ஒரு துண்டு சேனா போடா வாங்கினாள். பால்திரட்டைச் சர்க்கரையோடு சேர்த்துச் சுட்டெடுக்கும் இனிப்பு. அடி கருகியிருப்பதுதான் ருசி. அதற்கு மேல் ஊரைப் பார்க்க நேரமில்லை. அசோகனின் தௌலி இன்னொரு திசையில் இருந்தது.

2.50க்குப் பாதுகாப்புச் சோதனை முடிந்தது. புறப்பாட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்தாள். ஆறாம் வரி பற்றிய வாதம் அப்படியே நின்றது. ஒன்பதாம் படவில்லையில் 'இரண்டு உறுதியான சான்றுகள்' என்றிருந்ததை 'ஒரு சான்றும் ஓர் ஐயமும்' என்று மாற்றினாள். அடிக்குறிப்பிலிருந்த பாடவேறுபாடுகளை மேலே கொண்டுவந்தாள். அழகான மைப்படியின் பக்கத்தில், தான் எடுத்த, எதுவும் தெரியாத அந்தச் சாம்பல்நிறப் புகைப்படத்தையும் வைத்தாள். கட்டுரை மெலிந்துவிட்டது. இதழாசிரியர்கள் இப்படிப்பட்ட மெலிந்த முடிவுகளை விரும்புவதில்லை. நான்கு மாதத்தில் அச்சேற வேறு கட்டுரையும் கையில் இல்லை.

நெறியாளருக்கு அனுப்பினாள். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை. வாயில் எண்ணை அறிவித்தார்கள்.