சுற்றுப்பயணமும் காப்பி விடுதியும்

அலுவல் நிமித்தம் ஊர் ஊராகச் செல்வோருக்கு மாலை வேளையே பெரும் சோதனை. பெங்களூருக்குச் சென்றால், அவ்விடத்திலேயே பியர் தயாரித்து வழங்கும் விடுதிகளுக்கு உடன் வரும் நண்பர்கள் நம்மை அழைப்பதுண்டு. அவர்களைக் குறைகூற நாம் முற்படவில்லை. அதியமான் பகிர்ந்தளித்த கள்ளை ஔவையாரே புறநானூற்றில் நினைந்து உருகியிருக்கிறார். எனினும், சரோஜினி நகரில் வாழும் நமக்கு வீட்டு நினைவைத் தருவது காப்பியின் மணமே. ஆதலின் நம் கால்கள் இந்தியன் காப்பி ஹவுஸை நாடுகின்றன.

பெங்களூரில் சர்ச் வீதி, கொல்கத்தாவில் ஆல்பர்ட் ஹால், சிம்லாவில் மால் சாலை என்று எங்கு சென்றாலும் அதே தலைப்பாகை, அதே உபசாரம். அங்குள்ள காப்பி நம் இல்லத்துப் பில்டர் காப்பிக்கு ஈடாகாதுதான். ஆயினும் ஒரு கோப்பையுடன் நெடுநேரம் அமர்ந்திருப்பவரை எவரும் விரட்டுவதில்லை.

இவ்விடுதிகளின் வரலாறு நம்மவர் அறியத்தக்கது. 1950களில் காப்பி போர்டு தன் விடுதிகளை மூடியபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957 ஆகஸ்டில் பெங்களூரிலும், டிசம்பரில் தில்லியிலும் அவை தோன்றின. பரிமாறும் ஊழியரே அவற்றின் பங்குதாரர்.

தில்லி விடுதி இன்று மோகன் சிங் பிளேஸ் மாடியில் நடைபெறுகிறது. புதிய கடைகளின் பகட்டுக்கு நடுவே அது நிலைப்பது வாடிக்கையாளர் கையில்தான் இருக்கிறது. பிழைப்பை நாடி இத்தலைநகர் வந்த நாம், கைவிட்டுப்போன பிழைப்பை ஒன்றுகூடி மீட்டவர்களை ஆதரித்தல் தகும். அன்பர்கள் ஒரு ஞாயிறன்று குழந்தைகளுடன் சென்று வருவார்களாக.