நகராத சக்கரம்

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு இருபதாண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட நமக்குப் பேனாவைவிடக் கனமான கருவி எதுவும் கைவந்ததில்லை. தில்லிக்குக் குடிவந்த நம்மவர் பலரின் நிலையும் இதுவே. மின்விசிறி நின்றால் மிஸ்திரியை அழைப்போம். அவர் வரும்வரை பழைய நாளிதழை மடித்து வீசிக்கொள்வோம். அத்தகைய நாம், 2019 பிப்ரவரியில், கனடாவின் தலைநகராகிய ஆட்டாவாவில், ஒரு பொறியைக் கவிழ்த்து அதன் அடிவயிற்றைத் திறந்த கதையை ஈண்டுச் சொல்ல விழைகிறோம்.

நம் தமக்கையார் குடும்பம் 2000-ஆம் ஆண்டில் அங்கே குடியேறியது. அத்தான் தொழிற்சாலையொன்றில் பொறிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். முந்தைய இலையுதிர் காலத்தில் அவருக்கு இருதய அறுவை நடந்தது. அக்கா அழைத்ததால், ஈட்டிய விடுப்பும் அயல்நாடு செல்ல அலுவலக அனுமதியும் பெற்று, நாமும் நம் இல்லாளும் புறப்பட்டோம்.

அத்தானுக்கும் நமக்கும் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. நாம் பி.ஏ. முடித்தபோது, "கைத்தொழில் ஒன்று கற்றுக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை" என்றார். நாம் எழுத்தர் தேர்வு எழுதினோம். "காகிதம் தின்னும் வேலை" என்று அவர் அன்று சொன்ன சொல் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது.

ஆட்டாவாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக இரண்டு மீட்டருக்கும் மேல் பனி பொழிகிறது. தெருப்பனியைத் தள்ளிச் செல்லும் வண்டி, வீட்டு வாயிலில் ஒரு வரப்பை எழுப்பிவிட்டுப் போகும்; அது கல்லாய் இறுகும். அதை வாரியால் அள்ளுவது இருதய நோயாளிக்கு ஆகாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். உழைப்போ இருதயத்தின் சுமையை ஏற்றும். எனவே அவ்வூரார் ஸ்னோ புளோயர் வைத்திருக்கிறார்கள். கியூபெக் மாநிலத்து ஆர்தர் சிக்கார் 1925-இல் உருவாக்கிய பெரும்பொறியின் வழிவந்த சிறுபொறி இது. முன்னாலுள்ள திருகு பனியை வாரும். உள்ளே சுழலும் விசிறி அதைக் குழாய் வழியே தொலைவில் எறியும். பின்னால் கைப்பிடியைப் பற்றி நாம் நடக்க, பொறி தன் சக்கரங்களால் தானே முன்னேறும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அத்தான் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாலையில் பனி கொட்டியது. பொறியை இயக்கினோம். எஞ்சின் முழங்கியது, திருகு சுழன்றது, சக்கரம் மட்டும் அசையவில்லை. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று உறங்கப்போனோம். நள்ளிரவில் ஓசை கேட்டு இறங்கி வந்தால், அத்தான் கம்பளிக் கோட்டு அணிந்து, கையில் வாரியோடு வாயிலில் நின்றார். அக்கா அழாத குறையாக அவர் கையைப் பற்றியிருந்தார்.

நாம் வாரியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியைக் கார்க் கொட்டகையில் போட்டோம். "அத்தான், நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் செய்கிறோம்" என்றோம். அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அமர்ந்தார். இல்லாள் கைவிளக்கைப் பிடித்தாள்.

கோப்பு நகராவிட்டால் அமைச்சரிடம் ஓடலாகாது. முதலில் பக்கத்து மேசையைக் கேட்க வேண்டும். அத்தானின் முறையும் அதுவாகவே இருந்தது. எஞ்சினும் திருகும் ஓடுவதால் குற்றம் அவற்றில் இல்லை. சக்கரத்துக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. முதலில் சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் ஊசியைப் பார்க்கச் சொன்னார். அது முறிந்தால் அச்சு சுழலும், சக்கரம் நிற்கும். ஊசி நலமாயிருந்தது. அடுத்து, கைப்பிடியை அழுத்தும்போது கேபிள் விறைக்கிறதா என்று பார்த்தோம். சற்றுத் தொய்ந்திருந்தது, முறுக்கினோம். கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து இயக்கியபோது பொறி சமதரையில் ஊர்ந்தது; பனிக் குவியலைத் தொட்டதும் நின்றது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், பெல்ட்டும் பழுதின்றி இருந்தது.

"அப்படியானால் அடியில்தான்" என்றார் அத்தான். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். தீப்பொறி பிளக்கின் கம்பியைப் பிடுங்கி, பெட்ரோலை வடித்தபின், பொறியை மூக்கின்மீது நிறுத்தி அடித்தகட்டைக் கழற்றினோம். உள்ளே எஞ்சினால் சுழலும் தட்டு ஒன்று. அதன் முகத்தை அழுத்தியபடி, விளிம்பில் ரப்பர் கட்டிய சிறு சக்கரம் ஒன்று. தட்டின் நடுவை நெருங்கினால் மெதுவான நடை. ஓரத்துக்கு நகர்ந்தால் விரைவு. நடுவைக் கடந்து மறுபுறம் போனால் பின்னோட்டம். இத்தனை எளிய சூழ்ச்சியைக் கண்டு வியந்தோம். அந்த ரப்பர் தேய்ந்து, உலோகமே தட்டில் வழுக்கிக்கொண்டிருந்தது.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு தகரப்பெட்டி இருப்பதாக அத்தான் சொன்னார். உடல்நலத்தோடிருந்த நாளில் அவர் வாங்கிவைத்த புதிய ரப்பர் வளையம் அதில் இருந்தது. தட்டிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வளையத்தை மாட்டி, நட்டுகளை முறுக்கி முடிக்க மூன்று மணி நேரமாயிற்று. விடியுமுன் பொறி வாயில் வரப்பில் ஏறி அதை அறுத்தது. ஒன்பது மணிக்கு அத்தான் மருத்துவர் முன் அமர்ந்திருந்தார்.

புறப்படுமுன் அவர் நம் கையிலிருந்த கறையைத் தம் துணியால் துடைத்தார். "நீங்கள் காகிதத்தோடு நின்றிருக்க வேண்டியதில்லை, மாப்பிள்ளை" என்றார். இருபதாண்டு முள் அக்கணமே கழன்றது.

பெற்ற ஊரை விட்டு வாழும் நம் இல்லங்களில், முதியோரை உட்காரவைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்கிறோம். அவர்கள் கையிலிருந்து வாரியை வாங்குவது நம் கடமைதான். ஆனால் வாய்ச்சொல்லையும் சேர்த்து வாங்கிவிட்டால், அவர்கள் நள்ளிரவில் மீண்டும் வாரியைத் தேடிப் போவார்கள்.