சார்ஜ் போட வேண்டாமா?

பேஸ்மேக்கர் பொருத்தி வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இதுக்கு சார்ஜ் போட வேண்டாமா?"

சிரித்தேனே தவிர, கேள்வியில் தப்பில்லை. 1958-ல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கருக்கு வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றத்தான் வேண்டியிருந்தது. அது சில மணி நேரத்தில் நின்றும் போனது. மனிதர் கருவியை மாற்றி மாற்றி 2001 வரை, 86 வயது வரை இருந்தார்.

பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தியவன் நான். அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். என் போன் பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர்-மணி. ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறது. நெஞ்சில் இருப்பது சுமார் 1,000. அது பத்து வருடம், அதாவது 87,600 மணி நேரம் ஓட வேண்டும். வகுத்தால் சராசரியாக 11 மைக்ரோ ஆம்பியர். ஒரு சின்ன எல்.இ.டி. பளிச்சென்று எரியவே இதைப்போல் ஆயிரம் மடங்கு வேண்டும்!

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நெசவாளர். அவருக்கு அவர் தறியைக் காட்டியே விளக்கினேன். மிதித்தால்தான் தறி அசையும்; சும்மா நிற்கும் தறிக்குச் செலவில்லை. இந்த சிப்பும் பூஜ்யம் ஒன்றாக, ஒன்று பூஜ்யமாக மாறும்போதுதான் முக்கியமாக மின்சாரம் கேட்கும். அதனால் மெதுவாக ஓட்டுகிறார்கள். கைக்கடிகாரத்தில் இருக்கிற அதே வகைப் படிகம்தான், நொடிக்கு 32,768 துடிப்பு. டிரான்சிஸ்டரை ரொம்பவும் சிறிதாக்கினால் இன்னொரு தொல்லை, அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசியும்.

"சும்மா இருக்கும்போது ஒழுகுறதுதான் சார் குடும்பத்தையே கவுக்குது" என்றார். அவர் வீட்டுக் கதை எனக்குத் தெரியும். பேச்சை மாற்றினேன்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. இதயத்தைத் தூண்டும் துடிப்பு 3.5 வோல்ட்டில் இருந்தது. எனக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவே போதுமென்று அளந்து பார்த்து, பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டி, 2.5-ல் வைத்தார்கள். ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஒரு வோல்ட் குறைத்ததற்கே துடிப்பின் செலவு பாதியாகிவிட்டது. திரையில் எட்டு வருடம் என்றிருந்தது பத்தானது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்போ அடுத்த அத்திவரதருக்குள்ள எத்தனை தடவை மாத்தணும்?"

அவர் குளத்திலிருந்து மறுபடி எழுந்தருள்வது 2059-ல். எனக்கு அப்போது நூற்றிரண்டு வயது.

"மூணு தடவை" என்றேன்.